கழுவாத குழாய்

குரு காட்டில் இருப்பார், சீடன் விறகு பொறுக்கிக்கொண்டு வருவான் என்றுதான் கதைகளில் வரும். இந்தக் குரு இருந்தது ஒரு பல்கலைக்கழகத்தில், ஏசி போட்ட ஆய்வகத்தில். சீடருக்கோ குருவைவிட வயது கூட.

குருவின் பெயர் சங்கரவடிவு. பேராசிரியர். சீடர் ஜெபசிங், பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவர். முக்கால் தலை நரைத்தவர். டாக்டர் பட்டம் இல்லாமல் இனி பதவி உயர்வு கிடையாது என்று கல்லூரி சொல்லிவிட்டதால் லீவு வாங்கிக்கொண்டு ஆராய்ச்சிக்கு வந்திருந்தார். படிக்கிற காலத்தில் இருவரும் ஒரே கல்லூரி. அப்போது அவர் சீனியர், இந்த அம்மா ஜூனியர். இப்போது இவர் மேடம், அவர் சார்.

ஜெபசிங் மாதிரி நல்ல மனிதரைப் பார்ப்பது அபூர்வம். அவர் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். யாரிடமும் முகம் சுளித்ததில்லை. வகுப்பில் ஒரு பையனை வெளியே போ என்றதில்லை. வீட்டில் மனைவி பியூலா கோபமாக எதையாவது ஆரம்பித்தால், "சரிம்மா, நீ சொல்லுததுதான் சரி" என்பார். சொல்லிவிட்டு எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிடுவார்.

தெருப் பெண்களுக்கு பியூலா மேல் ஒரே பொறாமை. பாத்திரம் கழுவுகிற புருஷன் யாருக்குக் கிடைப்பான்? வந்த கோபத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் அவள் நடு வீட்டில் நின்றதை அவர்கள் யாரும் பார்க்கவில்லை. ஊருக்கு என்ன, பளபளக்கிற பாத்திரம் தெரிந்தால் போதும்.

அவருக்கு மேடம் கொடுத்த ஆராய்ச்சி இது. முடியளவு துவாரமுள்ள கண்ணாடிக் குழாய். அதற்குள் பால் மாதிரி ஒரு திரவத்தைத் தள்ள வேண்டும். அதில் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் மணிகள், திருவிழாக் கூட்டம் போல நெருக்கியடித்துக்கொண்டு மிதக்கும். ரத்தம், பெயிண்ட், பற்பசை எல்லாம் ஏறக்குறைய இந்த ஜாதிதான். குழாயின் உள்சுவர் வழவழப்பாக இருந்தால் இந்தக் கூட்டம் எப்படி ஓடும், சொரசொரப்பாக இருந்தால் எப்படி ஓடும்? மைக்ராஸ்கோப்பில் பார்த்து, படம் எடுத்து, எழுத வேண்டும்.

வழவழப்பான குழாய் கடையிலேயே கிடைக்கும். சொரசொரப்பானதை நாம்தான் செய்துகொள்ள வேண்டும். அதே மணிகளைக் கொஞ்சம் குழாய்க்குள் விட்டு, ஈரம் போகக் காயவைத்து, ஓவனில் வைத்துச் சுட்டால் சுவர் முழுக்க மணிகள் பதிந்து உப்புத்தாள் மாதிரி ஆகிவிடும். செய்முறை அவ்வளவுதான்.

வழவழக் குழாய் வேலை தீபாவளிக்குள் முடிந்துவிட்டது. திரவம் சொன்னபடி கேட்டது. ஜெபசிங் அதைப் பற்றி ஓர் அத்தியாயமே எழுதி முடித்துவிட்டார். சொரசொரக் குழாய்தான் வம்பு பண்ணியது.

முதல் படத்தை எடுத்துக்கொண்டு போய் மேடத்திடம் காட்டினார்.

"இதுலயும் அப்படியே வழுக்கிக்கிட்டுத்தான் போகுது மேடம். சுவர் இருக்குற மாதிரியே தெரியல."

சங்கரவடிவு படத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது.

"இன்னொரு தடவை போட்டுப் பாருங்க சார்" என்றார்.

போட்டார். வழுக்கியது. புது மணி வாங்கிப் போட்டார். ஓவன் சூட்டைக் கூட்டினார். வழுக்கியது. குழாயின் வாய் ஓரத்தில் மணிகள் ஒட்டியிருப்பது தெரிந்ததால் உள்ளேயும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பிவிட்டார்.

"மேடம், ஏன் இப்படி ஆகுதுன்னே தெரியல."

"இன்னொரு தடவை பாருங்களேன்."

"சரி மேடம்."

வாரக் கடைசியில் தவறாமல் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தவர், குழாய் வம்பு பண்ண ஆரம்பித்ததிலிருந்து அதைக் குறைத்துக்கொண்டார். ஒரே மகனும் பெங்களூரில் வேலைக்குப் போய்விட்டிருந்தான். பியூலா வீட்டில் தனியாக இருந்தாள். சாயங்காலம் போன் பேசுவார்கள்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். நீங்க?"

"சாப்பிட்டேன். வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."

"சரிம்மா."

"சரி."

எந்தத் தடங்கலும் இல்லாத பேச்சு. நாளைக்கும் இதே வார்த்தைகளை இதே வரிசையில் பேசிக்கொள்ளலாம். பேசினார்கள்.

கிறிஸ்மஸுக்கு வந்தார். கோயிலுக்குப் போனார், பிரியாணி சாப்பிட்டார், மறுநாள் காலை பையை எடுத்து வாசலில் வைத்தார்.

"புது வருஷத்துக்கு இருக்க மாட்டீங்களா?" என்று பியூலா கேட்டாள்.

"குழாய் வேலை இழுத்துக்கிட்டே போகுதும்மா."

"போகணும்னா போங்க."

"சரிம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு மனைவி "போகணும்னா போங்க" என்று சொன்னால் அதில் எத்தனையோ இருக்கும். போங்க என்பது மட்டும் இருக்காது. குடும்பஸ்தன் எவனுக்கும் இது தெரியும். ஜெபசிங்குக்கும் தெரிந்திருக்கும். தெரிந்தால் நின்று பேச வேண்டும், பேசினால் சத்தம் வரும். அதனால் தெரியாமலே பஸ் ஏறினார்.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தவர், லீவு முடிந்த திங்கட்கிழமை ஆய்வகத்துக்குத் தாமதமாக வந்தார். முகச் சவரம் செய்திருக்கவில்லை. சட்டையில் ஒரு பித்தானைத் தவறான துளையில் போட்டிருந்தார். மேடம் அதைப் பார்த்துவிட்டு எதிரே ஒரு நாற்காலியைக் காட்டினார்.

"என்ன சார்?"

"பியூலா தூத்துக்குடிக்குப் போயிட்டா மேடம். தம்பி வீட்டுக்கு."

"விசேஷமா?"

"இல்ல. இனிமே அங்கதானாம்."

மேடம் குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தார்.

"சண்டையா?"

"அதுதான் மேடம் எனக்கு விளங்கல. கல்யாணம் ஆன நாள்ல இருந்து எங்களுக்குள்ள ஒரு சண்டை கெடையாது. நீங்க வேணும்னா தெருவுல கேட்டுப் பாருங்க. முந்தாநாள் சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது, 'நான் தம்பி வீட்டோட போயிருதேன்'னா. நான் சரிம்மான்னேன்."

"சரின்னீங்களா?"

"அவ மனசுக்குப் பிடிச்சதைச் செய்யட்டும்னுதான். நேத்து நானே பையைத் தூக்கிக்கிட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். நல்ல கூட்டம். ஜன்னல் வழியா கைக்குட்டையைப் போட்டு இடம் புடிச்சுக் குடுத்தேன். வெயில் அடிக்காத பக்கமாப் பாத்துத்தான் புடிச்சேன். தண்ணி பாட்டில் ஒண்ணு வாங்கி..."

சொல்லிக்கொண்டே வந்தவருக்கு, தான் சொல்வதில் ஏதோ சரியில்லை என்று அப்போதுதான் பட்டது. நிறுத்திவிட்டார்.

"அவங்க ஒண்ணும் சொல்லலையா?"

"பஸ் கிளம்புத வரைக்கும் என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. நான் டாட்டா காட்டினேன்."

ஜெபசிங் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்து கேட்டார்.

"சண்டையே இல்லாத வீட்டை விட்டு ஒரு பொம்பளை ஏன் மேடம் போகணும்?"

சங்கரவடிவு எழுந்து போய் மைக்ராஸ்கோப்பைப் போட்டார்.

"வழவழக் குழாயை மாட்டுங்க சார்."

"அது முடிஞ்சுபோன வேலைதானே மேடம்?"

"மாட்டுங்க."

மாட்டினார். பம்பைத் தட்டிவிட்டார். திரவம் ஓட ஆரம்பித்தது. மணிகளில் சிலவற்றுக்கு மட்டும் சாயம் ஏற்றியிருந்தார்கள். அவை திரையில் பச்சையாக மினுங்கின.

"பக்கத்துப் பக்கத்துல இருக்குற மாதிரி ரெண்டு மணியைப் பாத்துக்கோங்க."

"பாத்துட்டேன்."

"கண்ணை எடுக்காம அதுங்க கூடவே போங்க."

குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டே ஜெபசிங் அந்த இரண்டையும் பின்தொடர்ந்தார். நுழைந்த வாயிலிலிருந்து வெளியேறும் வாய்வரை அவை அருகருகே போயின. அவர் முகத்தில் லேசாக ஒரு தெளிவு வந்தது.

"கடைசி வரைக்கும் பிரியவே இல்ல மேடம். ஒண்ணாவே உள்ள வந்து ஒண்ணாவே வெளிய போகுது."

"நடுவுல எங்கயாவது ஒண்ணை ஒண்ணு இடிச்சுதா?"

"இல்ல."

"இடம் மாறுச்சா? ஒண்ணு முந்தி, ஒண்ணு பிந்தி?"

"இல்ல மேடம். இடைவெளி அப்படியே இருக்கு."

"சுவர் ஓரத்துக்கு வாங்க."

ஓரத்துக்கு வந்தார். அங்கேயும் அதே கதை. ஓரத்து மணியும் நடு மணியும் ஒரே வேகத்தில், கட்டிப்போட்ட மூட்டை மாதிரி மொத்தமாக வழுக்கிக்கொண்டு போயின.

"சுவரைத் தொடுதா சார்?"

"தொடாது மேடம். சுவருக்கும் மணிக்கும் நடுவுல கண்ணுக்குத் தெரியாம ஒரு திரவப் படலம் இருக்கும். அதுக்கு மேலதான் எல்லாம் வழுக்கும். நான்தான் அத்தியாயம் எழுதியிருக்கேனே."

"எழுதியிருக்கீங்க. நல்லா எழுதியிருக்கீங்க."

மேடம் பம்பை நிறுத்தி, குழாயைக் காலி செய்யச் சொன்னார். செய்தார். திரையில் வெறும் கண்ணாடி. துடைத்துவைத்த மாதிரி இருந்தது.

"இவ்வளவு நேரமா இந்த வழியா ஒரு கூட்டமே போச்சு" என்றார் மேடம். "போனது இந்தச் சுவருக்குத் தெரியுமா?"

ஜெபசிங் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் ஜன்னலில் இருந்த முகம் ஞாபகம் வந்தது. அந்த முகத்தில் இருந்தது என்ன என்று இப்போதும் அவரால் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் இருந்து பார்த்துப் பழகியிருந்தால்தானே சொல்ல முடியும்?

"இப்ப ஒரு சொரசொரக் குழாய் செய்யுங்க" என்றார் மேடம்.

"செஞ்சாலும் அதுவும் வழுக்கத்தானே செய்யுது மேடம்?"

"காயவச்சதுக்கும் ஓவன்ல வைக்கறதுக்கும் நடுவுல என்ன செய்வீங்க?"

"ஒண்ணும் செய்யறதில்ல. ஒரு அலசு அலசுவேன், அவ்வளவுதான்."

"எதுக்கு?"

"காஞ்ச மணியெல்லாம் வெள்ளை வெள்ளையாப் பூத்துப்போய் நிக்கும் மேடம். பாக்கவே ஒரு மாதிரி இருக்கும். சரியா ஒட்டாதது மட்டும் போகட்டும்னு லேசா ஒரு தண்ணி விட்டு..."

ஓவனில் சுடுவதற்கு முன்னால் எந்த மணியும் சரியாக ஒட்டியிருக்காது. அந்த லேசான அலசலில் எல்லாம் போய்விடும். பிறகு அவர் சுட்டது வெறும் கண்ணாடியை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட யோசித்தால் சொல்லிவிடும். அழுக்கைக் கண்டால் கை தானாகக் குழாயடிக்குப் போகிற மனிதருக்கு அது தோன்றவே இல்லை.

"கழுவாதீங்க" என்றார் மேடம்.

மறுநாள் கழுவாமல் செய்தார். சும்மா சொல்லக் கூடாது, ரொம்பக் கஷ்டப்பட்டுத்தான் செய்தார். காய்ந்த குழாயைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீர்க் குழாயைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். உள்ளே பொருக்குத் தட்டியிருந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. கண்ணை மூடிக்கொள்ளாத குறையாக அதை அப்படியே ஓவனுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார்.

சாயங்காலம் அதில் திரவத்தை விட்டார்.

முதலில் ஓடவே இல்லை. பிறகு அசைந்தது. சுவரோரத்து மணி ஒன்று மேட்டில் இடித்து நின்றது. பின்னால் வந்தது அதன்மேல் முட்டியது. முட்டுப்பட்டது உருண்டு பக்கத்து மணியைத் தள்ளியது. அருகருகே இருந்த இரண்டு பச்சை மணிகளைப் பார்த்து வைத்திருந்தார். ஒன்று முன்னே போனது, மற்றது மாட்டிக்கொண்டது. போச்சு, பிரிந்துவிட்டது என்று நினைத்தார். கொஞ்ச நேரத்தில் முன்னே போனது எதிலோ சிக்கி நிற்க, பின்னால் வந்தது அதை உரசிக்கொண்டு தாண்டியது. ஒரே தள்ளுமுள்ளு. ஒரு தடவை மொத்தமும் அடைத்துக்கொண்டது. அவர் பதறிப்போய்ப் பம்பை நிறுத்தக் கையை நீட்டினார்.

"நிறுத்தினீங்களா?" என்று பிறகு மேடம் கேட்டார்.

"இல்ல மேடம். நிறுத்தலாம்னு போகும்போதே தானா விட்டுருச்சு."

"ம்."

"ஒரு ஒழுங்கே இல்ல மேடம். வேகமும் கம்மி."

"ஓடுதா?"

"ஓடுது." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "ஒவ்வொண்ணுக்கும் சுவர் இருக்குறது தெரியுது."

மேடம் தலையசைத்தார். ஜெபசிங் போகவில்லை, கதவருகிலேயே நின்றார்.

"நாளைக்கு ஒருநாள் லீவு வேணும் மேடம். தூத்துக்குடிக்குப் போயிட்டு வாரேன்."

"அவங்களைக் கூட்டிட்டு வர்றதுக்கா?"

"சண்டை போட."

வேறு யாராவது சொல்லியிருந்தால் சங்கரவடிவு சிரித்திருப்பார். சிரிக்கவில்லை.

தூத்துக்குடிவரை பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனார். வராத வித்தையைத் திடீரென்று எங்கே போய்க் கற்பது? எப்படி ஆரம்பித்தாலும் கல்லூரி விழாவில் சொல்கிற நன்றியுரை மாதிரியே வந்தது. "நீ செஞ்சது சரியில்ல" என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். பக்கத்து சீட்காரர் திரும்பி முறைத்தார். "உங்களை இல்ல சார், மன்னிச்சுக்கோங்க" என்றார்.

மச்சான் வேலைக்குப் போயிருந்தார். கதவைத் திறந்தது பியூலாதான். வெளியே எங்கோ போய்விட்டு அப்போதுதான் வந்தவள் போலச் சேலையில் இருந்தாள்.

"வாங்க. சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட வரல. நீ ஏன் போனன்னு கேக்க வந்தேன்."

அவள் அவரை வியப்போடு பார்த்தாள். அந்த வீட்டுக்குள் புதிதாக யாரோ வந்துவிட்ட மாதிரி.

"நீங்கதானே பஸ் ஏத்தி விட்டீங்க?"

"நீ போறேன்னு சொன்ன, ஏத்தி விட்டேன்!"

"சொன்னேன். ஸ்கூல் வேலையை விடப்போறேன்னும் ஒருநாள் சொன்னேன். ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. மகன் கைப்பிள்ளையாக இருந்த காலம். பியூலா ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தலைமையாசிரியை எல்லார் முன்னாலும் ஏதோ சொல்லிவிட்டார் என்று அழுதுகொண்டே வந்தவள், இனிமேல் அந்த வாசலை மிதிக்க மாட்டேன், நாளைக்கே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றாள். உன் இஷ்டம்மா என்று அவர் சொன்னார். அதைச் சொன்னதற்காக இத்தனை வருஷமும் தன்னைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"கோவத்துல சொன்னேன்ங்க" என்றாள் பியூலா. "எனக்கு அந்த வேலைன்னா உசிரு. விடாதேன்னு நீங்க சொல்லுவீங்க, நான் மாட்டேன்னு சொல்லுவேன், ரெண்டு நாள் சண்டை போட்டுட்டு நான் பாட்டுக்கு வேலைக்குப் போவேன்னு நெனச்சேன். நீங்க என்னடான்னா மறுநாள் காலைல வண்டியைத் துடைச்சு வச்சுக்கிட்டு நிக்கீங்க. ஸ்கூல் கேட்டுல எறக்கி விட்டுட்டு என்ன சொன்னீங்க தெரியுமா?"

அவருக்கு நினைவில்லை.

"'தேதி போட மறந்துராதம்மா'ன்னீங்க."

ஜெபசிங் உட்காரவில்லை. எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் ஒரு சத்தம் வந்தது.

"தப்புதான்! அன்னைக்கே விடாதேன்னு சொல்லியிருக்கணும். சொல்லல. போறேன்னு நீ சொன்னப்போ காலை ஒடிச்சிருவேன்னு சொல்லியிருக்கணும். சொல்லல. இப்பச் சொல்லுதேன், கேட்டுக்கோ. நீ இங்க இருக்கக் கூடாது. எடு பையை. வா வீட்டுக்கு. வரலன்னா நான் இந்த எடத்தை விட்டு நகர மாட்டேன். எவன் பாத்தா எனக்கென்ன!"

குரல் உடைந்துவிட்டது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்து மூடியது. கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவர் போட்ட முதல் சண்டை. அரைகுறைதான், ஆனாலும் சண்டைதான்.

பியூலாவின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. கண்ணில் தண்ணீர் நிறைந்து வழிந்தது. அவள் துடைக்கவில்லை.

"இந்தச் சத்தத்துக்காக எவ்வளவு காலம் காத்துக்கிட்டு இருந்தேன் தெரியுமா?"

"அப்போ வா."

"இல்லங்க."

"ஏன்? என்மேல உனக்கு அவ்வளவு கோவமா?"

"கோவம் இருந்தா வந்திருப்பேன். கோவம் இருந்த வரைக்கும் நான் அங்கதானே இருந்தேன்?"

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"இங்க பக்கத்துல ஒரு ஸ்கூல்ல கணக்கு டீச்சர் லீவுல போயிருக்காங்க. தம்பி சொல்லி வச்சிருந்தான், திங்கக்கிழமைல இருந்து அவங்களுக்குப் பதிலா நான் போயிட்டு இருக்கேன்" என்றாள் பியூலா. அவள் குரலில் வன்மம் இல்லை. அதுதான் அவரை மேலும் வதைத்தது. "பிள்ளைங்க சத்தம் போடுது, நான் சத்தம் போடுதேன். நல்லா இருக்குங்க. நீங்களும் நல்லா இருக்கணும்னுதான் ஜெபம் பண்ணுதேன்."

சோறு எடுத்து வைத்தாள். மீன் குழம்பு. அவர் சாப்பிட்டார். அவள் பரிமாறிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எழுந்து கை கழுவப் போனவரைப் பார்த்து, ரொம்ப நாளாக உள்ளே வைத்திருந்ததைக் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"விடாதேன்னு சொல்லணும்னு உங்களுக்கு அன்னைக்கே தோணுச்சுதானே?"

"தோணுச்சு."

"பெறகு ஏங்க சொல்லல?"

கையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கழுவின கையையே திரும்பக் கழுவினார். அவள் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு இலையை எடுத்தாள்.

அதற்கப்புறம் ஆய்வகத்தில் வேலை மளமளவென்று நடந்தது. கழுவாத குழாய்கள் வரிசையாக வந்தன, படங்கள் தெளிவாக விழுந்தன. சுவரோரம் மணிகள் எப்படி முட்டி மோதுகின்றன, எவ்வளவு தூரம் உள்ளேவரை அந்தக் கலக்கம் போகிறது, எல்லாம் கிடைத்தது. இன்னும் கொஞ்ச நாளில் பட்டத்துக்கு எழுதிக் கொடுத்துவிடலாம். மற்ற மாணவர்கள் கைகுலுக்கினார்கள். ஜெபசிங் நன்றி சொன்னார். சாயங்காலம் போனை எடுத்துப் பார்ப்பார், வைத்துவிடுவார்.

அவர் தூத்துக்குடியிலிருந்து திரும்பிய அன்றே மேடம் ஒரு தடவை கேட்டிருந்தார்.

"வந்தாங்களா?"

"வரல மேடம்."

"சண்டை?"

"போட்டேன். கேட்டுக்கிட்டா. கேட்டுட்டுச் சோறு போட்டா."

அதற்குமேல் மேடம் கேட்கவில்லை.

கடைசி அத்தியாயத்துக்கு எந்தப் படங்களைப் போடுவது என்று முடிவு செய்ய ஒருநாள் இருவரும் உட்கார்ந்தார்கள். ஜெபசிங் பழைய படங்களையும் திரையில் ஓட்டினார். சொரசொரப்பு என்று நினைத்துக்கொண்டு எடுத்த அந்த முதல் படம் வந்தது. மணிகள் மொத்தமாக வழுக்கிக்கொண்டு போயின.

இப்போது அவருக்குப் பழக்கம் வந்துவிட்டிருந்தது. பார்த்த உடனே தெரிந்தது, அது வெறும் கண்ணாடி. சந்தேகமே வராது. சுவரில் ஒரு மணிகூட இல்லை. புதிதாக வருகிற மாணவனுக்குக்கூட ஒருமுறை காட்டினால் போதும், அடுத்த முறை கண்டுபிடித்துவிடுவான்.

அவர் கை நின்றது. மெதுவாகத் திரும்பினார்.

"இந்தப் படத்தை நான் கொண்டுவந்து காட்டினப்போ, நான் கழுவிட்டேன்னு உங்களுக்குத் தெரிஞ்சுதா மேடம்?"

சங்கரவடிவு கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"தெரிஞ்சுது."

"அன்னைக்கேவா?"

"பாத்த உடனே தெரிஞ்சுது."

ஜெபசிங் எழுந்தார். எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சரிந்தது.

"அன்னைக்கே சொல்லியிருந்தா கிறிஸ்மஸுக்குள்ள நான் வேலையை முடிச்சிருப்பேனே மேடம்! மறுநாள் காலைல பையைத் தூக்கியிருக்க மாட்டேனே! வாராவாரம் வீட்டுக்குப் போயிருப்பேன், புது வருஷத்துக்கு இருந்திருப்பேன், அவ முகத்தைப் பாத்திருப்பேன். இன்னொரு தடவை போடுங்க, இன்னொரு தடவை போடுங்கன்னு மூணு மாசம் என்னை வெறும் கண்ணாடியைச் சுட வச்சீங்களே! இதுதான் ஒரு கைடு செய்யுத வேலையா? இதுதான் படிப்பிச்சுக் குடுக்குத லட்சணமா?"

வெளியே வேலை செய்துகொண்டிருந்த மாணவர்கள் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். சங்கரவடிவு மேடத்திடம் யாரும் இப்படிப் பேசி அவர்கள் கேட்டதில்லை. மேடம் தடுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு ஒவ்வொரு வார்த்தையையும் வாங்கிக்கொண்டார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

ஜெபசிங்குக்கு மூச்சு வாங்கியது. குரல் தானாக இறங்கிவிட்டது.

"ஒரே ஒரு வார்த்தைதானே மேடம். தெரிஞ்சுக்கிட்டே ஏன் சொல்லல?"

குரு நிமிர்ந்து பார்த்தார்.

"சொன்னா உங்க மனசு கஷ்டப்படுமேன்னுதான் சார்."